பெட்டியில் 30 வாட், கருவிக்கு 25.5 வாட்: ஈதர்நெட் கேபிளில் மின்சாரம் போகும் கணக்கு

கேமராக்களை நெட்வொர்க்கில் இணைக்கும், எட்டு போர்ட் உள்ள ஒரு ஸ்விட்ச். அட்டைப்பெட்டியில் ‘பிஓஇ பிளஸ், போர்ட்டுக்கு 30 வாட்’ என்று அச்சிட்டிருக்கிறது. மூன்று கேமராக்கள் ஓடுகின்றன. நான்காவதை மாட்டினால் விளக்கே எரியவில்லை. போர்ட்டை மாற்றிப் பார்த்தாலும் அதே கதை. கேமரா பழுது என்று கழற்றித் தனி அடாப்டரில் போட்டால் உடனே ஓடுகிறது.

இங்கே எந்தக் கருவியும் கெடவில்லை. ஸ்விட்ச் தன் கையிருப்பைக் கணக்குப் பார்த்து, நான்காவது கேமராவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. ஈதர்நெட் கேபிள் வழியே மின்சாரம் கொடுக்கும் ஏற்பாட்டில், அதாவது பிஓஇ-யில், குழப்பங்கள் பெரும்பாலும் இரண்டே இடங்களில் பிறக்கின்றன. மின்சாரம் கொடுப்பதற்கு முன் நடக்கும் பேச்சுவார்த்தை ஒன்று. கொடுத்த மின்சாரத்தில் கேபிள் தின்னும் பங்கு மற்றொன்று.

தரவு ஓடும் கம்பியிலேயே மின்சாரமும்

ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 10, 100 மெகாபிட் இணைப்புகளுக்கு இரண்டு ஜோடிகள் போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நான்கிலும் தரவு ஓடும்போது மின்சாரத்துக்கு எங்கே இடம்?

தரவைப் படிக்கும் சிப், ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது. ஒரே படகில் நிற்கும் இருவரின் உயர வித்தியாசம் படகு அலையில் ஏறினாலும் மாறாது. அதுபோல இரண்டு கம்பிகளையும் சேர்த்து 48 வோல்ட் உயர்த்தினால் தரவுக்கு அது தெரியவே தெரியாது. போர்ட்டுக்குள் இருக்கும் சிறு மின்மாற்றிச் சுருளின் நடுப்புள்ளியில் மின்சாரத்தை ஏற்றுகிறார்கள். அது இரண்டு கம்பிகளிலும் சமமாகப் பிரிந்து ஓடி, மறுமுனையில் அங்குள்ள சுருளின் நடுப்புள்ளியில் ஒன்றுசேர்கிறது. திரும்பி வர இன்னொரு ஜோடி.

எந்த ஜோடிகள் என்பதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. 1, 2 மற்றும் 3, 6 எண் கம்பிகளில் அனுப்புவது ஏ முறை. 4, 5 மற்றும் 7, 8 எண் கம்பிகளில் அனுப்புவது பி முறை. பி முறையில் 4, 5 நேர்மின். 7, 8 எதிர்மின். பொதுவான ‘568பி’ நிற வரிசையில் இவை நீல, பழுப்பு ஜோடிகள். தரத்தின்படி செய்யப்பட்ட கருவி இரண்டு முறைகளையும், மின்முனை மாறி வந்தாலும், ஏற்க வேண்டும். அதற்காக நுழைவாயிலிலேயே டயோடு பாலம் வைத்திருப்பார்கள்.

‘சமமாகப் பிரிந்து’ என்பது இங்கே முக்கியமான சொல். கனெக்டரில் கம்பியை அழுத்திப் பொருத்தும் கிரிம்ப் சரியில்லாமல் ஒரு கம்பியின் தடை மட்டும் கூடினால் இரண்டு கம்பிகளிலும் மின்னோட்டம் வேறுபடும். சுருளின் காந்த உள்ளகம் ஒரு பக்கமாக நிறைந்துவிடும். மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், தரவுப் பொட்டலங்கள் மட்டும் சிதறும். ‘கேமரா எரிகிறது, படம்தான் விட்டுவிட்டு வருகிறது’ என்ற புகாரில் பலரும் கேமராவைத்தான் மாற்றுகிறார்கள். முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது இருமுனை கனெக்டர்கள்.

கேட்டுவிட்டுத்தான் கொடுக்கும்

48 வோல்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் போர்ட்டிலும் ஏற்றினால், மின்சாரமே கேட்காத கணினியோ பிரிண்டரோ மாட்டும்போது அதன் போர்ட் கருகலாம். ஆகவே ஈதர்நெட்டுக்கான ஐஇஇஇ 802.3 தரத்தின்படி இயங்கும் ஸ்விட்ச் ஒவ்வொரு முறையும் இந்த வரிசையில்தான் நகரும்:

1. கண்டறிதல். ஸ்விட்ச் முதலில் 2.8 முதல் 10 வோல்ட்டுக்குள் இரண்டு வெவ்வேறு சிறு மின்னழுத்தங்களைக் கொடுத்து, எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று அளக்கும். பிஓஇ கருவியின் உள்ளே சுமார் 25 கிலோ ஓம் தடை அடையாளமாக வைக்கப்பட்டிருக்கும். 19 முதல் 26.5 கிலோ ஓம் வரை தெரிந்தால் ‘இது நம்ம ஆள்’ என்று ஏற்க வேண்டும். 15-க்குக் கீழோ 33-க்கு மேலோ இருந்தால் மறுத்தே ஆக வேண்டும்.

2. வகைப்படுத்தல். அடுத்து 15.5 முதல் 20.5 வோல்ட் வரை ஏற்றுகிறது. கருவி அப்போது இழுக்கும் மின்னோட்டமே அதன் பதில். 9 முதல் 12 மில்லி ஆம்பியர் என்றால் வகுப்பு 1. 26 முதல் 30 வரை வகுப்பு 3. 36 முதல் 44 வரை வகுப்பு 4. ஒன்றுமே சொல்லாமல் 4 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் வகுப்பு 0, அதாவது ‘எவ்வளவு வேண்டும் என்று சொல்ல மாட்டேன்’.

3. மின்சாரம் ஏற்றல். கருவியிலுள்ள மின்தேக்கிகள் நிரம்பும் வரை தொடக்க மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி, முழு மின்னழுத்தத்தைக் கொடுக்கும்.

4. கண்காணித்தல். கருவி தொடர்ந்து ஒரு குறைந்தபட்ச மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் பிஓஇ தரமான 802.3ஏஎஃப்-இல் அது 10 மில்லி ஆம்பியர். 300 முதல் 400 மில்லி நொடி வரை அது நின்றுபோனால், கேபிள் உருவப்பட்டது என்று கருதி ஸ்விட்ச் மின்சாரத்தை நிறுத்திவிடும்.

நான்காவது விதியில் ஒரு பொறி இருக்கிறது. 48 வோல்ட்டில் 10 மில்லி ஆம்பியர் என்பது கிட்டத்தட்ட அரை வாட். உறக்க நிலைக்குப் போகும் சென்சார் அதற்கும் கீழே இறங்கினால், ஸ்விட்ச் அதைக் காணவில்லை என்று முடிவுகட்டி அணைத்துவிடும். மறுபடி கண்டறிந்து ஏற்றும். மறுபடி அணைக்கும். நாள் முழுதும் இதே. 2018-இல் வந்த 802.3பிடி தரம், சிறு மின்துடிப்புகளை அவ்வப்போது இழுத்தாலே போதும் என்று இதைத் தளர்த்தியது. ஸ்விட்ச், கருவி இரண்டுமே அந்தத் தரத்தில் இருந்தால்தான் அந்தச் சலுகை கிடைக்கும்.

ஏன் 48 வோல்ட்? 12 வோல்ட் போதாதா?

கேமராவுக்குத் தேவை 12 வோல்ட்தானே, அதையே கேபிளில் அனுப்பினால் என்ன என்று கேட்பதுண்டு. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 மீட்டர் கேட் 5 இணைப்பில் போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி என்று எடுத்தால் தரம் அனுமதிக்கும் அதிகபட்சச் சுற்றுத் தடை 12.5 ஓம். அதில் 1 ஆம்பியர் ஓடினால் இழப்பு 12.5 வோல்ட். 12 வோல்ட் அனுப்பினால் கேபிளே அத்தனையையும் தின்றுவிட்டு இன்னும் கேட்கும்.

மின்னழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் அதே வாட்டுக்கு மின்னோட்டம் கால் பங்காகும். இழப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். அப்படியானால் 200 வோல்ட் வைக்கலாமே என்றால், 60 வோல்ட் நேர்மின்னோட்டத்துக்குள் இருந்தால்தான் தொட்டாலும் ஆபத்து குறைந்த மின்சுற்று என்ற பாதுகாப்பு வகைக்குள் நிற்கும். உச்ச வரம்பு 57 வோல்ட் என்று வைத்ததற்கு அதுவே காரணம்.

அட்டைப்பெட்டி எண்ணுக்கும் கருவிக்குக் கிடைக்கும் எண்ணுக்கும் உள்ள இடைவெளியும் இதே கணக்கிலிருந்து வருகிறது:

- 2003-இன் 802.3ஏஎஃப்: போர்ட்டில் 44 வோல்ட், 350 மில்லி ஆம்பியர், சுமார் 15.4 வாட். தடை 20 ஓம் என்று வைத்ததால் 7 வோல்ட் இழப்பு. மீதி 37 வோல்ட், 12.95 வாட்.
- 2009-இன் 802.3ஏடி: 50 வோல்ட், 600 மில்லி ஆம்பியர், 30 வாட். 12.5 ஓம் தடையில் 7.5 வோல்ட் போய், 42.5 வோல்ட்டும் 25.5 வாட்டும் மிஞ்சும்.
- 2018-இன் 802.3பிடி: நான்கு ஜோடிகளிலும் மின்சாரம். மூன்றாம் வகையில் 60 வாட் அனுப்பினால் 51 வாட். நான்காம் வகையில் 90 வாட் அனுப்பினால் 71.3 வாட். வித்தியாசமான 18.7 வாட்டும் கேபிளில் வெப்பமாகிறது.

இவை 100 மீட்டரின் மோசமான நிலைக்கான எண்கள். 20 மீட்டர் கேபிளில் இழப்பு மிகக் குறைவு. ஆனால் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது போர்ட் முனை எண்ணை வைத்துக் கணக்குப் போடுவது தவறு. 28 வாட் கேட்கும் கேமராவை 30 வாட் போர்ட்டில் மாட்டுவது, ஓடும் என்று நம்பிச் செய்யும் பந்தயம்தான்.

‘பிஓஇ பிளஸ் பிளஸ்’ என்ற விற்பனைப் பெயரையும் நம்ப வேண்டாம். 60 வாட்டுக்கும் அதே பெயர், 90 வாட்டுக்கும் அதே பெயர், தரம் வருவதற்கு முன் நிறுவனங்கள் சொந்தமாகச் செய்த முறைகளுக்கும் அதே பெயர். விவர ஏட்டில் வகுப்பு எண்ணைத் தேடிப் பிடியுங்கள்: வகுப்பு 4 என்றால் 30 வாட், 5 என்றால் 45, 6 என்றால் 60, 7 என்றால் 75, 8 என்றால் 90. எல்லாம் போர்ட் முனை எண்கள்.

பெரிய கருவியைச் சிறிய ஸ்விட்சில் மாட்டினால் என்ன ஆகும்? எதுவும் எரியாது. வகுப்பு 4 கருவி, 802.3ஏஎஃப் ஸ்விட்சிடம் 13 வாட்டுக்குள் சிக்கனமாக இருக்க வேண்டும். பல வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுகள் அந்த நிலையில் சில ஆன்டெனாக்களையும் யுஎஸ்பி போர்ட்டையும் அணைத்துவிட்டு ஓடும். விளக்கு எரிவதால் எல்லாம் சரி என்று தோன்றும், வேகம் மட்டும் பாதியாக இருக்கும். அமைப்புப் பக்கத்தில் ‘குறைந்த மின்சாரம்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஸ்விட்சின் மொத்தக் கையிருப்பு

போர்ட்டுக்கு 30 வாட் என்றால் எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே நேரத்தில் 30 வாட் என்று பொருளல்ல. 24 போர்ட் ஸ்விட்சுகளில் 370 வாட் என்ற எண்ணை அடிக்கடி காணலாம். 15.4-ஐ 24-ஆல் பெருக்கினால் 369.6. பழைய தரத்தின்படி எல்லாப் போர்ட்டுக்கும் போதும். 30 வாட் கேட்டால் 12 போர்ட்டோடு தீர்ந்துபோகும்.

தொடக்கத்தில் பார்த்த எட்டு போர்ட் ஸ்விட்சின் மொத்தம் 60 வாட் என்று வைத்துக்கொள்வோம். கேமரா ஒவ்வொன்றும் உண்மையில் இழுப்பது 4 வாட். ஆனால் அவை வகுப்பு 0. வகுப்பை வைத்து ஒதுக்கும் ஸ்விட்ச், சொல்லாதவருக்கு 15.4 வாட் எடுத்துவைக்கும். மூன்று கேமராவுக்கு 46.2 வாட். மீதி 13.8. நான்காவது கேமராவுக்குத் தேவையான 15.4 இல்லை. உண்மைச் செலவு 12 வாட், ஆனாலும் கதவு மூடிவிட்டது.

நிர்வாக வசதி உள்ள ஸ்விட்ச் என்றால் தீர்வு எளிது: ஒதுக்கீட்டை உண்மைச் செலவின் அடிப்படைக்கு மாற்றலாம், அல்லது போர்ட்டுக்கு 7 வாட் என்று கையால் வரம்பு வைக்கலாம். கருவிகள் தங்களைப் பற்றிய விவரத்தைப் பரிமாறிக்கொள்ளும் எல்எல்டிபி நெறிமுறையைக் கருவியும் ஸ்விட்சும் பேசினால் 0.1 வாட் துல்லியத்தில் தேவையைச் சொல்லிக்கொள்ளும். பாதுகாப்பு என்று சொல்லி எல்எல்டிபியை அணைத்துவைத்திருக்கும் இடங்களில், இந்த வசதியும் சேர்ந்து அணைந்துபோகும்.

உண்மைச் செலவுக்கு மாற்றுவதிலும் ஒரு ஆபத்து உண்டு. இரவில் அகச்சிவப்பு எல்இடி எரியும் கேமரா பகலில் 5 வாட், இரவில் 11 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். எட்டுக் கேமராவுக்குப் பகலில் 40 வாட், இருட்டினால் 88. கையிருப்பு 65 என்றால், சாயங்காலம் எல்லாக் கேமராவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எல்இடியை ஏற்றும்போது ஸ்விட்ச் முன்னுரிமை குறைந்த போர்ட்டுகளை வெட்டும். சுமை இறங்கியதும் வெட்டியவற்றை மறுபடி ஏற்றும். அவை பூட் ஆகி எல்இடியைப் போடும். மறுபடி வெட்டு. பகலில் வந்து சோதிப்பவருக்கு எந்தக் குறையும் தென்படாது. ஆகவே கூட்டிப் பார்க்க வேண்டியது ஒவ்வொரு கருவியின் உச்ச வாட்டை. அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு விட்டுவைத்தால் நிம்மதி.

செம்பா, செம்பு பூசிய அலுமினியமா?

‘சிசிஏ’ என்று சொல்லப்படும் மலிவுக் கேபிளில் கம்பியின் உட்பகுதி அலுமினியம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. தரவு மட்டும் போனால் குறுகிய தூரத்தில் சமாளிக்கும். மின்சாரம் சேர்ந்தால் அதன் சாயம் வெளுத்துவிடும். ஒரே தடிமனில் இதன் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கேட் 5இ, கேட் 6 தரங்கள் திடச் செம்பைக் கேட்கின்றன. மேலுறையில் என்ன அச்சிட்டிருந்தாலும் சிசிஏ அந்தத் தரத்தில் சேராது.

அளவோடு பார்ப்போம். 24 கேஜ் செம்புக் கம்பியின் விட்டம் சுமார் 0.51 மில்லிமீட்டர், 100 மீட்டருக்குத் தடை 8.4 ஓம் அளவில். சிசிஏயோடு கம்பியும் மெலிந்து 26 கேஜ் ஆகிவிட்டால் 20 ஓமைத் தொடும். 50 வோல்ட்டில் தொடங்கி, 100 மீட்டர் தாண்டி 25.5 வாட் கருவியை ஓட்ட வேண்டுமானால் 0.71 ஆம்பியர் வேண்டும். வரம்போ 0.6. கருவியை எட்டும் மின்னழுத்தம் 36 வோல்ட்டுக்கும் கீழே. கருவிக்குள் இருக்கும் மாற்றி எப்போதும் ஒரே வாட்டைக் கேட்பதால், மின்னழுத்தம் இறங்க இறங்கக் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். அதனால் இழப்பு மேலும் கூடும். ஓடிக்கொண்டிருந்த கருவி சட்டென்று விழுவது இந்தச் சுழலில்தான்.

சுவருக்குள் போன கேபிள் எதுவென்று ஒரு சாதாரண மல்டிமீட்டரே சொல்லிவிடும்:

1. கேபிளின் இரு முனைகளையும் கருவிகளிலிருந்து கழற்றுங்கள். பேட்ச் பேனலில் இருந்தால் அதிலிருந்தும் விலக்குங்கள்.
2. தொலைமுனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்குங்கள்.
3. அருகு முனையில் அதே இரண்டு கம்பிகளுக்கு இடையே ஓமை அளவுங்கள். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள்.
4. 24 கேஜ் செம்பு என்றால் 50 மீட்டருக்கு 8.5 முதல் 9.5 ஓம் வரும். 13, 14 என்று காட்டினால் சிசிஏ என்று சந்தேகிக்கலாம். 20-ஐ எட்டினால் கம்பியும் மெலிந்தது.
5. நான்கு ஜோடிகளையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் விலகி நின்றால் கேபிளைவிடக் கனெக்டர் மேல்தான் சந்தேகம் போக வேண்டும்.

முனை கையில் இருந்தால் பிளேடால் கம்பியைச் சுரண்டினாலே போதும். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம்.

கட்டுக்கட்டாக இறுக்கிக் கட்டிய கேபிள்களில் இன்னொரு சிக்கல் வெப்பம். வெளிவட்டத்துக் கேபிள்கள் காற்றில் ஆறும், நடுவில் சிக்கியவை ஆறாது. செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 0.4 விழுக்காடு அளவில் ஏறும். தரவுச் சிக்னலின் நலிவும் கூடும். 60, 90 வாட் இணைப்புகளுக்குச் சிறு கட்டுகளாகப் பிரித்து, 23 கேஜ் கேபிள் போடுவதே சரி. ரேக்கில் அழகுக்காக வைக்கும் 28 கேஜ் மெல்லிய பேட்ச் கேபிள்களைப் பெரிய வாட் போர்ட்டுகளில் தவிர்க்கவும்.

பாசிவ் பிஓஇ: கேட்காமல் கொடுப்பது

சில வயர்லெஸ் கருவிகளோடு 24 வோல்ட் இன்ஜெக்டர், அதாவது கேபிளில் மின்சாரத்தை ஏற்றும் சிறு பெட்டி, வரும். அது எதையும் கண்டறியாது, யாரையும் கேட்காது. 4, 5-இல் நேர்மின்னும் 7, 8-இல் எதிர்மின்னும் எப்போதும் ஏறியே இருக்கும். பெயரில் பிஓஇ இருப்பதைத் தவிர மேலே சொன்ன தரத்துக்கும் இதற்கும் உறவு இல்லை.

இதில் தவறுதலாக ஒரு கணினியை மாட்டினால் என்ன நடக்கும்? பல சாதாரண போர்ட்டுகளில் ஜோடிகள் 75 ஓம் ரெசிஸ்டர்கள் வழியே ஒரு பொதுப் புள்ளியில் சேர்கின்றன. 24 வோல்ட்டுக்கு நடுவே 150 ஓம் மட்டுமே நிற்கிறது; 0.16 ஆம்பியர், கிட்டத்தட்ட 3.8 வாட். கடுகளவு ரெசிஸ்டர்கள் அந்த வெப்பத்தைத் தாங்காது. தரத்தின்படி இயங்கும் ஸ்விட்சோ அதே போர்ட்டில் 25 கிலோ ஓமுக்குப் பதில் 150 ஓமைப் பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும்.

24 வோல்ட் பாசிவ் கருவியைத் தர ஸ்விட்சில் மாட்டினால் பொதுவாக ஓடாது, கெடவும் கெடாது. தரக் கருவியை 24 வோல்ட் இன்ஜெக்டரில் மாட்டினாலும் விழிக்காது, ஏனென்றால் அதற்குக் குறைந்தது 37 வோல்ட் வேண்டும். 48 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டரில் 24 வோல்ட் பாசிவ் கருவியை மாட்டுவதுதான் உயிரை வாங்கும் சேர்க்கை. இரண்டின் அடாப்டர்களும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், பெட்டியைத் திறந்த உடனே மேலே வோல்ட்டை எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

அடையாளமும் காரணமும்

- தரவு 100 மெகாபிட்டில் வருகிறது, மின்சாரம் வரவில்லை: பி முறை இன்ஜெக்டர், கேபிளில் நீல அல்லது பழுப்பு ஜோடி அறுந்திருக்கிறது.
- மின்சாரம் வருகிறது, வேகம் 100-ஐத் தாண்டவில்லை: இன்ஜெக்டரே 100 மெகாபிட் மாதிரியாக இருக்கலாம்.
- ஸ்விட்சில் ‘250 மீட்டர் முறை’ போட்டதும் படம் திக்குகிறது: அந்த முறை வேகத்தை 10 மெகாபிட்டுக்கு இறக்கித்தான் தூரத்தை எட்டுகிறது. 6 வாட் கேமராவுக்கு மின்கணக்கு தாங்கும். 20 வாட் கருவிக்குத் தாங்காது.
- தூரத்தை நீட்ட நடுவில் எக்ஸ்டெண்டர் வைத்த பின் கருவி விழுகிறது: எக்ஸ்டெண்டரும் அதே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அதன் செலவையும் இரண்டு கேபிள்களின் இழப்பையும் கழித்த பிறகு மிஞ்சுவதே கருவிக்கு.
- மின்னலுக்குப் பின் வரிசையாகச் சில போர்ட்டுகள் செத்துவிட்டன: வெளிப்புறக் கேபிளுக்கு மின்னெழுச்சித் தடுப்பான் இல்லை, அல்லது இருந்தும் அதன் நிலக்கம்பி இணைக்கப்படவில்லை. வாங்கும்போது பிஓஇக்கு உரியதா என்று பார்க்கவும். 57 வோல்ட்டுக்குக் கீழேயே விழித்துக்கொள்ளும் தடுப்பான் மின்சாரத்தையே வெட்டும்.
- பல முறை கழற்றி மாட்டிய போர்ட்டில் மட்டும் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது: சுமை ஓடும்போதே கேபிளை உருவினால் கடைசியாகப் பிரியும் இடத்தில் சிறு பொறி பறந்து, தங்கப் பூச்சை அரிக்கும். நல்ல கனெக்டர்களில் பொறி விழும் இடமும் முழுமையாக மாட்டியதும் தொடும் இடமும் தள்ளித்தள்ளி இருக்கும், மலிவு மாதிரிகளில் இரண்டும் ஒன்றாகிவிடும். 60, 90 வாட் கருவிகளைக் கழற்றுவதற்கு முன் அந்தப் போர்ட்டின் மின்சாரத்தை ஸ்விட்ச் அமைப்பில் நிறுத்திவிட்டு உருவவும்.